பெயரும் பொறுப்பும்: விஸ்கொன்சின் அறிக்கை பற்றிய ஒரு நோக்கு

பிறரது வரலாற்றை ஆராய்வதிற் காட்டும் ஊக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் தமது வரலாற்றை ஆராய்வதிற் காட்டுவது அரிது. நூற்றாண்டு விழாக்களையொட்டி வெளியிடப்படும் நிறுவன வரலாறுகள் பெரும்பாலும் துணைவேந்தர்களின் வரிசையையும், கட்டடங்கள் எழுந்த கதையையும், புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பட்டியலையும் தருவனவாகவே அமைகின்றன. வளாகத்தினுள் எவர் சேர்க்கப்படவில்லை, எவர் எள்ளி நகையாடப்பட்டனர், எத்தகைய கூட்டங்கள் செல்வாக்குப் பெற்றிருந்தன என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. இந்நிலையில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மடிசன் வளாகம் 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட ஓர் அறிக்கை தனிக் கவனத்துக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் அவ்வளாகத்தில் 'கூ கிளக்ஸ் கிளான்' என்னும் பெயரோடு தொடர்புற்றிருந்த இரண்டு மாணவர் கழகங்களைப் பற்றியது அது. அறிக்கை எழுந்த காரணமும், அது கண்ட முடிவும், அது வாசிக்கப்பட்ட விதமும் ஆகிய மூன்றுமே ஆராயத்தக்கவை. இம்மூன்றனுள் இறுதியிற் கூறப்பட்டதே, அஃதாவது அறிக்கை சொன்னதற்கும் அதனைத் தொடர்ந்து செய்யப்பட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாடே, இக்கட்டுரையின் பொருளாகும்.

1

அறிக்கை எழுந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 2017 ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு, வெர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தினூடே வெள்ளையின மேலாதிக்கவாதிகள் தீப்பந்தங்களை ஏந்தி ஊர்வலஞ் சென்றனர். மறுநாள் சார்லொட்ஸ்வில் நகரத்தில் அவர்களை எதிர்த்துத் திரண்டோர் மீது கார் ஒன்று செலுத்தப்பட்டதிற் பெண்ணொருவர் உயிரிழந்தார். பழங்கதையெனக் கருதப்பட்டதொன்று பல்கலைக்கழக முற்றத்திலேயே உயிர்த்தெழுந்தமை ஏனைய வளாகங்களையும் தம்மைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. மடிசன் வளாகத்தின் பழைய ஆவணங்களிற் கிளானின் பெயர் காணப்படுவது அறியப்பட்டதே. அப்போது வளாகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ரெபேக்கா பிளாங்க், அதனை ஆராயவென ஒரு குழுவை நியமித்தார். வரலாற்றுப் பேராசிரியர் ஸ்டீபன் கான்றொவிற்சும், நகரத்துக் கறுப்பினச் சமூகத் தலைவர்களுள் ஒருவரான புளொயிட் றோசும் அக்குழுவுக்கு இணைத் தலைமை தாங்கினர். ஆராய்ச்சியாளர் ஒருவரும் சமூகத் தலைவர் ஒருவரும் சேர்ந்து பொறுப்பேற்றமை அறிக்கையின் தொனியிலும் தெரிகின்றது. ஆவணச் சான்றில் அது எச்சரிக்கையுடையது. நோக்கில் நிகழ்காலத்தை மறவாதது.

ஆயின் அறிக்கையின் பொருளை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்க மாணவர் கழகங்களின் வரலாறு ஓரளவேனும் தெரிந்திருத்தல் அவசியம். கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட முதலாவது மாணவர் கழகமான 'பை பீட்டா கப்பா' 1776இல் வெர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அன்ட் மேரி கல்லூரியில் தோன்றியது. இரகசிய உறுதிமொழி, தனிப்பட்ட கைகுலுக்கல், குழூஉக்குறி முதலியவை அதற்கு இருந்தன. ஆசிரியரின் கண்காணிப்புக்கு அப்பால் அமர்ந்து, எப்பொருளையும் அச்சமின்றி விவாதிப்பதற்கு மறைவு அன்று துணைசெய்தது. பின்னர் அக்கழகம் மறைவைக் கைவிட்டுப் புலமைத் தகுதிக்கான கௌரவக் கழகமாக மாறிற்று. ஆனால் அதன் புறவடிவத்தைப் பின்பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பல்கிய சகோதரக் கழகங்களில் மறைவின் பயன் வேறாயிற்று. விவாதம் பின்னொதுங்கியது, உறைவிடம், நட்பு, மணவுறவு, தொழில் வாய்ப்பு என்பன முன்வந்தன. எவரைச் சேர்ப்பது என்பதினும் எவரை விலக்குவது என்பதே அக்கழகங்களின் தகுதியை உணர்த்தும் அளவுகோலாயிற்று. சுதந்திர சிந்தனைக்குக் காவலாகப் பிறந்த மறைவு சமூகச் சலுகையின் வேலியாக மாறிய கதை இது.

கிளானின் தோற்றமும் இவ்வடிவத்தோடு உறவுடையது. உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தென்மாநிலப் படையைச் சேர்ந்த ஆறு இளைஞர், போர் முடிந்த கையோடு ரெனசி மாநிலத்துப் புலஸ்கி நகரில் அதனைத் தொடங்கினர். 'வட்டம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரின் முற்பகுதியை ஆக்கிக்கொண்டனர். கல்லூரிக் கழகங்களின் சடங்கும் வேடமும் விநோதப் பட்டங்களும் அதில் இடம்பெற்றன. வேடிக்கைக் கூட்டம்போல் தொடங்கிய அது, விரைவிலேயே விடுதலைபெற்ற கறுப்பின மக்களைச் சவுக்காலடித்தும் கொன்றும் வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியும் வெள்ளையின ஆதிக்கத்தை மீள நிறுவ முயன்ற பயங்கர இயக்கமாயிற்று. அதனை ஒடுக்குவதற்கு 1871இல், ஜனாதிபதி கிறான்ற் காலத்தில், தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வேடிக்கைக்கும் கொலைக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்பதற்குக் கிளானின் முதல் ஆண்டுகளே சான்று. 'மாணவர் விளையாட்டு' என்னும் சமாதானத்தைக் கேட்கும்போதெல்லாம் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் நன்று.

2

மறைந்துபோன இவ்வியக்கத்தை மக்களின் கற்பனையில் வீரகாவியமாக மீட்டெடுத்தவை ஒரு நாவலும் ஒரு திரைப்படமுமாகும். தொமஸ் டிக்சன் 1905இல் எழுதிய 'த கிளான்ஸ்மன்' என்னும் நாவலைத் தழுவி, டி. டபிள்யூ. கிறிபித் 1915இல் 'த பேர்த் ஒவ் எ நேஷன்' என்னும் படத்தை இயக்கினார். திரைக்கலையின் நுட்பங்களில் அப்படம் பெற்ற வெற்றி அதன் கருத்தின் நச்சுத்தன்மையைப் பன்மடங்காக்கியது. கொலைகாரர் மீட்பராகவும், கொல்லப்பட்டோர் அச்சுறுத்துவோராகவும் அதிற் காட்டப்பட்டனர். வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் நிறுவப்பட்ட தேசியச் சங்கம் நாடெங்கும் அதனைக் கண்டித்தது. அக்கண்டனம் பரவலாக அறியப்பட்டிருந்தது. எனவே, அப்படத்தின் சார்பு அக்காலத்தவருக்குப் புலப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. அதே 1915ஆம் ஆண்டின் இறுதியில், ஜோர்ஜியா மாநிலத்து ஸ்ரோன் மலையில், வில்லியம் சிமன்ஸ் என்பவர் இரண்டாவது கிளானைத் தோற்றுவித்தார். 1920களில் அது தென்மாநிலங்களைக் கடந்து வடக்கேயும் பரவிற்று. கறுப்பின மக்களோடு யூதரும் கத்தோலிக்கரும் புதிதாகக் குடியேறியோரும் அதன் பகைவர் பட்டியலில் இடம்பெற்றனர்.

இப்பின்னணியில் 1919இல் மடிசன் வளாகத்தில் 'கூ கிளக்ஸ் கிளான்' என்னும் பெயருடன் ஒரு கௌரவக் கழகம் தோன்றியது. பல்வேறு சகோதரக் கழகங்களிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட முன்னணி மாணவர்கள் அதன் உறுப்பினராயினர். இலினோய்ஸ் பல்கலைக்கழகத்திலும் அதே பெயருடைய கழகம் ஒன்று இருந்தது. மடிசன் கழகத்துக்கும் சிமன்ஸ் நிறுவிய இயக்கத்துக்கும் அமைப்புத் தொடர்பு இருந்ததற்குச் சான்று இல்லை என்பதை அறிக்கை தெளிவாகக் கூறுகின்றது. உண்மையான கிளான் அந்நகருக்கு ஆள்திரட்ட வந்த பின்னர், 1923இல் மாணவர் கழகம் தன் பெயரை 'டூமாஸ்' என மாற்றிக்கொண்டது. இரண்டாவது கழகமான 'கப்பா பீட்டா லம்டா' 1924இல் தோன்றியது. கிளான் உறுப்பினர் விசுவாசமாயிருத்தல் வேண்டும் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களையே அது கிரேக்க வடிவிற் பெயராக்கிக்கொண்டது. இது கிளான் இயக்கத்தோடு நேரடித் தொடர்புடையது. இரண்டொரு ஆண்டுகளுக்குள் இது மறைந்தொழிந்தது.

இரு கழகங்களையும் ஒன்றெனக் கொள்ளாது வேறுபடுத்திக் காட்டியமை அறிக்கையின் முதற் சிறப்பு. அவ்வேறுபாட்டைக் காட்டியபின் அதனை மன்னிப்புக்குரிய காரணமாகக் கொள்ளாமை அதன் இரண்டாவது சிறப்பு. தொடர்பு இல்லையெனின் பெயர் எங்கிருந்து வந்தது? கொலையையும் சவுக்கடியையும் நினைவூட்டும் ஒரு பெயர், வடமாநிலப் பல்கலைக்கழகமொன்றின் தெரிந்தெடுத்த மாணவர்க்குக் கவர்ச்சியுடையதாக, பெருமைக்குரியதாக, குறைந்தபட்சம் கூச்சமற்றுச் சூடிக்கொள்ளத்தக்கதாகத் தோன்றியது எங்ஙனம்? இயக்கத்தின் தூண்டுதலால் அப்பெயர் வந்திருப்பின் விடை எளிதாயிருக்கும்; வெளியார் மீது பழியைச் சுமத்திவிடலாம். தூண்டுதலின்றியே வந்தது என்பதனால் வளாகத்தின் பண்பாடே விசாரணைக்குள்ளாகின்றது. அறிக்கையின் மையக் கருத்து இதுவே.

3

இவ்விடத்தில் மறைவு பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். இத்தகைய செய்திகள் வெளிவருமிடத்து, 'இரகசியக் கழகம்' என்னும் தொடரே பலரது கவனத்தையும் ஈர்க்கின்றது. இருளிற் கூடிய சிலர் எவரும் அறியாது சதி செய்தனர் என்னும் சித்திரம் மனத்தில் எழுகின்றது. மடிசன் வளாகத்து நிலை அதுவன்று. கழகத்தின் சடங்குகள் மறைவானவை. அதன் பெயர் மறைவானதன்று. 'பாட்ஜர்' என்னும் மாணவர் ஆண்டு மலரில் ஏனைய கழகங்களின் பெயர்களோடு இக்கழகத்தின் பெயரும், அதன் உறுப்பினரின் பெயர்களும் அச்சேறின. ஆண்டு மலர் என்பது ஒரு தலைமுறை மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைக்கும் சாட்சியம். தாம் எவ்வாறு நினைவுகூரப்படுதல் வேண்டும் என விரும்பினரோ அவ்வாறே அதிற் காட்சியளிப்பர். வெட்கப்பட வேண்டியதெனக் கருதியதை எவரும் அதில் அச்சிட்டிருக்க மாட்டார். எனவே மறைக்கப்பட்டது சடங்கு. மறைக்க வேண்டியதெனத் தோன்றாதது இனவெறுப்பு.

இதனை வலுப்படுத்தும் வேறு சான்றுகளையும் அறிக்கை திரட்டித் தருகின்றது. முகத்திற் கரிபூசிக் கறுப்பின மக்களை எள்ளி நடிக்கும் 'மின்ஸ்ற்றெல்' ஆட்டங்கள் அக்காலத்து மாணவரின் விருப்புக்குரிய பொழுதுபோக்கு. பூர்வகுடி மக்களின் உடையையும் சடங்கையும் போலிசெய்யும் விழாக்கள் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டன. மாணவர் ஏடுகளில் இழிசொற்கள் நகைச்சுவையாக வெளிவந்தன. யூத மாணவரும் கறுப்பின மாணவரும் வாடகைக்கு அறை பெறுவதிலும் கழகங்களிற் சேர்வதிலும் தடைகளை எதிர்நோக்கினர். இவையாவும் கிளானோடு எவ்விதத் தொடர்புமற்ற நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், நல்லெண்ணமுடைய ஆசிரியர்கள் முன்னிலையிற் செய்தவை. இவற்றின் நடுவே வைத்து நோக்கும்போது கழகத்தின் பெயர் ஒரு விதிவிலக்காகத் தோன்றாது. நிலத்தின் தன்மையைக் காட்டும் பயிராகவே அது தோன்றும்.

விலக்கப்பட்டோர் இதற்கு அளித்த விடைகளுள் ஒன்று ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1906இல் நியூயோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், தனித்துவிடப்பட்ட கறுப்பின மாணவர் எழுவர் 'அல்பா பை அல்பா' என்னும் சகோதரக் கழகத்தை நிறுவினர். அதே கிரேக்க எழுத்துக்கள், அதே சடங்கு, அதே சகோதரத்துவம். ஆயின் அது ஆற்றிய பணி நேர் எதிரானது. பெரும்பான்மையோரின் கழகங்களில் விலக்குதற்குக் கருவியாயிருந்த வடிவம், இங்கே விலக்கப்பட்டோர் தலைநிமிர்ந்து வாழ்வதற்கான அரணாயிற்று. குற்றம் கழகம் என்னும் வடிவத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று, அவ்வடிவம் எந்தச் சமூக உறவுக்குப் பணிசெய்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளது என்பதை இது தெளிவாக்குகின்றது.

4

இனி, அறிக்கை வெளிவந்த பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கலாம். முதலாவது கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் இரண்டு பெயர்கள் பின்னாளிற் புகழ்பெற்றவை. ஒன்று, நடிகர் பிரெட்றிக் மார்ச். மாணவப் பருவத்தில் அவரது பெயர் பிரெட்றிக் பிக்கெல். மற்றொன்று, வளாகத்து மாணவர் ஒன்றியத்தின் முதலாவது பணிப்பாளரான போர்ட்டர் பட்ஸ். ஒன்றியக் கட்டடத்திலிருந்த நாடக அரங்கு ஒன்று மார்ச்சின் பெயரையும், ஓவியக்கூடம் ஒன்று பட்சின் பெயரையும் தாங்கியிருந்தன. 2018இல் ஒன்றியப் பேரவை இரு பெயர்களையும் நீக்க முடிவுசெய்தது. 2020இல் அதே மாநிலத்து ஒஷ்கொஷ் வளாகமும் 1971 முதல் தனது அரங்குக்கு வழங்கிவந்த மார்ச்சின் பெயரை அகற்றியது. அறிக்கை எழுப்பிய வினா வளாகத்தின் பண்பாடு பற்றியது; பொதுமக்கள் உள்ளத்திற் பதிந்த விடையோ இரண்டு பெயர்ப்பலகைகளின் நீக்கம்.

இவ்விருவரது பிற்கால வாழ்வு சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றது. மார்ச் 1936இற் ஹொலிவூட்டில் நாசி எதிர்ப்புக் கழகத்தை உருவாக்கியோருள் ஒருவர். முற்போக்கு இயக்கங்களுக்கு உதவியமைக்காக 1940இற் காங்கிரஸ் குழுவொன்றின் முன் கொம்யூனிஸ்ற் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, விசாரணையின்பின் விடுவிக்கப்பட்டவர். கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்கு வெளிப்படையாக ஆதரவளித்தவர். பட்ஸ், இனப் பாகுபாடு காட்டும் குழுக்களுக்கு ஒன்றியக் கட்டடத்தை வழங்க மறுத்தவர். 1931இல் வெளிவந்த 'டொக்டர் ஜெக்கில் அன்ட் மிஸ்டர் ஹைட்' திரைப்படத்தில் இரட்டை வேடத்துக்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர் மார்ச். அதனைச் சுட்டி, அவரும் இரு முகங் கொண்டவரே எனக் கூறிவிடுதல் எளிது. அவரது வாழ்க்கை அத்தகைய விளக்கத்துக்கு இடந்தருவதன்று. மறைவில் ஒருவராகவும் வெளியில் ஒருவராகவும் அவர் வாழவில்லை. இருபத்திரண்டு வயதிற் சமூகம் கையளித்ததைச் சிந்தியாது ஏற்றவர், பின்னர் சிந்தித்துச் செயற்பட்டவர் என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு.

பெயர் நீக்கத்தை எதிர்த்து எழுதியோரும் பேசியோரும் பலர். அவர்களுட் கறுப்பினக் கலைஞரும் அறிஞரும் இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்களது வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு மனிதனின் ஐம்பது ஆண்டுக் காலச் செயல்களை ஒருபுறமும் மாணவப் பருவத்து உறுப்புரிமை ஒன்றை மறுபுறமும் நிறுத்தி, பின்னையதே கனமானது எனத் தீர்ப்பளிப்பது நீதியாகாது. திருந்தியவனுக்கும் திருந்தாதவனுக்கும் ஒரே தண்டனை எனின், திருந்துவதற்குத் தூண்டுதல் யாது?

எனினும், மார்ச்சின் சார்பில் முன்வைக்கப்பட்ட வாதங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. அக்கழகம் உண்மையான கிளானோடு தொடர்பற்றது, ஆகவே அது தீங்கற்றது என்பது அவற்றுள் ஒன்று. முன்னர்க் காட்டியவாறு, தொடர்பின்மை என்பது விடையன்று, அதுவே வினா. 1919இல் அப்பெயரின் பொருள் அறியப்படாதிருந்தது என்பது மற்றொரு வாதம். கிறிபித்தின் படம் வெளிவந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அப்பெயர் கொலைகாரரின் பெயரென்பதைக் கறுப்பின மக்கள் உரத்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தனர். அக்குரல் அம்மாணவர்களின் செவியில் விழவில்லை எனின், ஏன் விழவில்லை என்பதே ஆராயத்தக்கது. ஒரு பெயரை வேடிக்கையாகக் கொள்ளும் வாய்ப்பு அதனால் ஒருபோதும் துன்புறாதவர்க்கே உரியது. அவ்வாய்ப்பைத் தனிமனிதனின் மனத்தூய்மையைக் கொண்டு அளக்க முடியாது.

ஆகவே பெயரை நீக்கியோரும் நீக்கத்தை எதிர்த்தோரும் ஓரிடத்தில் உடன்பட்டு நின்றனர் எனலாம். பிரெட்றிக் மார்ச் என்னும் மனிதன் குற்றவாளியா, நிரபராதியா என்பதே இரு சாராருக்கும் விவாதப் பொருளாயிற்று. அறிக்கையோ தனிமனிதரை முன்னிறுத்தி எழுதப்படவில்லை. பழி என்பது ஒருவர்மேற் சுமத்தப்படுவது. பொறுப்பு என்பது ஒருவர் ஏற்றுக்கொள்வது. இறந்தவர்மேற் பழியைச் சுமத்துவதால் உயிரோடிருக்கும் நிறுவனத்துக்கு இழப்பு ஏதுமில்லை. மார்ச் 1975இலேயே காலமானவர். விடையிறுக்க அவரால் முடியாது. பெயர்ப்பலகையை அகற்ற ஓர் ஏணியும் ஒரு பகற்பொழுதும் போதும். பொறுப்பை ஏற்பதற்கோ, சேர்க்கை, விடுதி, ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் வேண்டும். அது செலவும் காலமும் வேண்டுவது.

5

மடிசன் வளாகத்தின் வரலாற்றிலேயே பொறுப்பேற்றலுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1952இல் அதன் ஆசிரியர் குழாம் ஒரு விதியை ஏற்றுக்கொண்டது. இனம், நிறம், மதம் காரணமாக உறுப்பினரை விலக்கும் விதியைத் தமது யாப்பில் வைத்திருக்கும் மாணவர் கழகங்கள் 1960க்குள் அதனை அகற்றாவிடின் அங்கீகாரத்தை இழக்கும் என்பதே அது. எட்டு ஆண்டுத் தவணை நீண்டதே. எனினும் அவ்விதி இறந்தவரை நோக்கிப் பேசவில்லை. உயிரோடிருந்த கழகங்களை நோக்கிப் பேசியது. 1969 பெப்ரவரியிற் கறுப்பின மாணவர் பதின்மூன்று கோரிக்கைகளை முன்வைத்து வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். ஆளுநர் தேசியக் காவற்படையை வரவழைத்தார். படையினரின் துப்பாக்கி முனைக்கு முன்னாலும் போராட்டம் தொடர்ந்தது. அதன் பயனாக 1970இல் ஆபிரிக்க அமெரிக்க ஆய்வுத்துறை தோன்றிற்று. வளாகத்தின் பண்பாட்டை மாற்றியவை இத்தகைய செயல்களே. பெயர்கள் பற்றிய சர்ச்சையில் இவை மிகக் குறைவாகவே நினைவுகூரப்பட்டன.

விலக்குதலுக்கு வெளிப்படையான விதி வேண்டியதில்லை என்பதையும் நினைவுகொள்ளல் வேண்டும். விதிகள் எழுத்திலிருந்து நீக்கப்பட்ட பின்னரே மறைவு தன் முழுப் பயனைத் தருகின்றது. இதற்கு விஸ்கொன்சினுக்கு வெளியே இரண்டு சான்றுகள் போதும். அலபாமா பல்கலைக்கழகத்தின் வாயிலில் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் இரு கறுப்பின மாணவரைத் தடுக்க முயன்றது 1963 ஜூன் மாதத்தில். அதிலிருந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2013இல், வெள்ளையின மாணவியரின் சகோதரிக் கழகங்கள் தகுதிமிக்க கறுப்பின மாணவியொருவரைச் சேர்க்க மறுத்ததை அவ்வளாகத்து மாணவர் செய்தித்தாளே வெளிப்படுத்திற்று. யாப்பில் எவ்விதத் தடையும் இல்லை. பழைய மாணவியரின் மறைமுகமான அழுத்தமே தடையாயிருந்தது. மாணவரும் ஆசிரியரும் ஒன்றுசேர்ந்து ஊர்வலஞ் சென்ற பின்னரே கதவுகள் ஓரளவு திறந்தன. அவ்வளாகத்தின் மாணவர் தேர்தல்களைப் பல்லாண்டுகளாக ஆட்டிவைத்த 'மெஷின்' என்னும் இரகசியக் கூட்டும் இச்சகோதர, சகோதரிக் கழகங்களாலேயே ஆனது.

இரண்டாவது சான்று ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குரியது. 1856இல் அலபாமாவிற் பிறந்த 'சிக்மா அல்பா எப்சிலன்' என்னும் சகோதரக் கழகத்தின் கிளை உறுப்பினர், பேருந்தொன்றிற் செல்லும்போது, கறுப்பினத்தவரை ஒருபோதும் சேர்க்கமாட்டோம் என்றும் அவர்களைத் தூக்கிலிடுவது பற்றியும் கூட்டாகப் பாடியது 2015 மார்ச் மாதத்தில் ஒளிப்பதிவாக வெளிவந்தது. கிளை உடனே மூடப்பட்டது, இருவர் வெளியேற்றப்பட்டனர். பல்கலைக்கழகத்தின் விசாரணை கண்ட உண்மை அதனினும் முக்கியமானது. அப்பாடலை அம்மாணவர் தாமாக ஆக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், அக்கழகத்தின் நாடளாவிய தலைமைப் பயிற்சிக்கென ஒழுங்குசெய்யப்பட்ட கப்பற் பயணத்தில் முன்னையோர் அதனைக் கற்றுவந்தனர். பின்னர் அது புதிய உறுப்பினருக்குக் கற்பிக்கப்பட்டு வந்தது. மறைவு இங்கே ஒரு கல்விமுறையாகவே தொழிற்பட்டது. ஆண்டு மலரில் அச்சிட முடியாத காலம் வந்தபோது அது வாய்மொழியாக ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

1920களின் மடிசனையும் 2015இன் ஒக்லஹோமாவையும் ஒப்புநோக்கினால் மாற்றமும் தொடர்ச்சியும் ஒருங்கே புலப்படும். முன்னையதில் இனவெறுப்புக்கு மறைவு தேவைப்படவில்லை, பின்னையதில் தேவைப்பட்டது. சட்டமும் போராட்டமும் பொதுக்கருத்தும் அதனை வெளியிலிருந்து உள்ளே தள்ளின. இது சிறிய வெற்றியன்று. ஆயின் உள்ளே தள்ளப்பட்டது உள்ளே வாழ்ந்துகொண்டிருக்கின்றது. பழைய பெயர்ப்பலகைகளில் மட்டும் கண்ணை வைத்திருப்போர் அதனைக் காணார்.

6

அறிக்கையின் பரிந்துரைகளுள் பெயர் நீக்கத்தைவிட ஆழமானது ஒன்று உண்டு. வளாகத்தில் விலக்கப்பட்டோரும் அவ்விலக்கை எதிர்த்தோரும் விட்டுச்சென்ற வரலாற்றை மீட்டெடுக்கும் பொதுவரலாற்று முயற்சி ஒன்று தொடங்கப்படுதல் வேண்டும் என்பதே அது. பல்கலைக்கழகம் அதனை ஏற்றது. அதன் பயனாக 2022இல் வளாகத்து அருங்கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அறிக்கையின் இயல்பான எல்லையை அக்கண்காட்சி கடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கிளானைப் பற்றி எழுதப் புகுந்த அறிக்கையில் விலக்கியோரே மையமாவது தவிர்க்க முடியாதது. விலக்கப்பட்டோர் பெரும்பாலும் அவர்களின் செயலுக்கு உள்ளானவராகவே தோன்றுவர். விலக்கப்பட்டோரைச் செயற்படுவோராகக் காட்டும்போதே வரலாறு முழுமை பெறுகின்றது. 1969இன் பகிஷ்கரிப்பும் 1920களின் ஆண்டு மலரும் ஒரே வளாகத்தின் வரலாறு என்பது அப்போதுதான் விளங்கும்.

மடிசன் வளாகத்தின் தலைமைக் கட்டடமான பாஸ்கம் மண்டபத்தின் முகப்பில் ஒரு வெண்கலப் பலகை உள்ளது. 1894இல், பேராசிரியர் றிச்சர்ட் ஈலி தம் கருத்துக்களுக்காக விசாரிக்கப்பட்டபோது, ஆட்சிக்குழு அவரை விடுவித்து வெளியிட்ட பிரகடனத்தின் பகுதி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. உண்மையைக் காண்பதற்கு அச்சமின்றி அரித்தும் புடைத்தும் ஆராய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பலகை அங்கு பதிக்கப்பட்டது 1915இல். கிறிபித்தின் படம் வெளிவந்த அதே ஆண்டில். நான்கு ஆண்டுகளின் பின் அதன் கீழே நடந்துசென்ற மாணவரே தமது கழகத்துக்குக் கிளானின் பெயரைச் சூட்டினர். உயர்ந்த இலட்சியமும் இழிந்த வழக்கமும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று உறுத்தாது வாழ முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அரித்தலும் புடைத்தலும் உழவர் தொழில். சுளகைக் கையிலெடுத்தவர் பதரை நீக்குவதோடு நிற்பதில்லை. பதர் ஏன் விளைந்தது என நிலத்தையும் நீரையும் விதையையும் பார்ப்பார். அடுத்த போகத்துக்கு அதுவே வழி. இரண்டு பெயர்களைப் பதரெனத் தூற்றிவிட்டு, அவற்றுள் ஒன்றில் மணியும் இருந்ததா என இன்றுவரை வழக்காடிக்கொண்டிருப்பது அத்தொழிலின் பாதியே. எஞ்சிய பாதியை அறிக்கை 2018இலேயே சுட்டிக்காட்டிவிட்டது. அது ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதப்பட்டதாயினும், தன் ஆண்டு மலர்களைப் பழைய அலுமாரியிலிருந்து எடுத்து, அவற்றில் எவர் பெயர் உள்ளது என்பதோடு எவர் பெயர் இல்லை என்பதையும் படிக்கத் துணியும் எந்தக் கல்விக்கூடத்துக்கும் பயன்படும்.